பழைய வீட்டுத் தேக்கில் ஏறிய எனாமலை இறக்குவது எப்படி

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் எங்கள் தாத்தா வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் நீளும் ஓட்டு வீடு. கூடத்தில் நான்கு தேக்குத் தூண்கள், வாசல் நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி. எனக்கு நினைவு தெரிந்தபோது அந்தத் தூண்கள் பச்சை எனாமல் பெயிண்டில் இருந்தன. பிறகு சாக்லேட் நிறம். 2016 மகாமகத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்கள் என்று அவசரமாக இன்னொரு கோட் ஏறியது. கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் யானைகளில் துதிக்கை எது, தாமரைத் தண்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பெயிண்ட் அப்பிக் கிடந்தது.

அதை இறக்க எனக்கு மூன்று வருடத்துத் தை, மாசி மாதங்கள் ஆயின. ஒரு தூணைக் கெடுத்தும் இருக்கிறேன். வேலைக்கு வந்தவர் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் போட்டு அரை மணி நேரத்தில் தூணைப் பளிச்சென்று ஆக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஆசாரி வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கருவி) போட்ட தடமும், தாத்தா காலத்திலிருந்து கைபட்டு வழவழப்பான தோலும் இல்லை. பக்கத்துத் தூணோடு வைத்துப் பார்த்தால் நேற்று கடையில் வாங்கியது மாதிரி நிற்கிறது. அதை இனி எதைப் பூசியும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே பூசியது போக வேண்டும், மரத்தின் தோல் போகக்கூடாது. வலு குறைந்த வழியை முதலில் பாருங்கள். அது பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

கை வைக்கும் முன்

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். டெல்டாவுக்கு மழை பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்ட் உரிந்தாலும் மரம் காயாது, பிறகு போடும் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். பொங்கல் முடிந்து தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. அதற்குள் முடிகிற அளவுக்கு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளாகச் செய்தால் ஒரு பருவத்துக்கு ஒரு நிலையும் கதவும் போதும்.

பிறகு, மரத்தைத் தட்டிப் பாருங்கள். நிலையின் கால் தரையைத் தொடும் இடம், உத்தரம் சுவருக்குள் போகும் இடம், முற்றத்து ஓரத் தூணின் அடி ஆகிய மூன்றும்தான் முதலில் கெடும். தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ, பழைய ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ அங்கே கரையானோ உளுப்போ இருக்கிறது. பல வீடுகளில் பெயிண்ட்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை உரித்தால் தூளாகக் கொட்டும். ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடருங்கள். சுமை தாங்கும் தூண் என்றால் முட்டு கொடுக்காமல் எதையும் சுரண்ட வேண்டாம்.

என்ன மரம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கூடத்துத் தூணும் வாசல் கதவும் பெரும்பாலும் தேக்கு. உள்கட்டுக் கதவுகளில் பலா, வேம்பு, பூவரசு எல்லாம் இருக்கும். கூரையில் பனங்கை (பனைமரச் சட்டம்) இருந்தால் அதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். நார் நாராகச் சிலும்பி விரலில் ஏறும். தூசியைத் துடைத்து அப்படியே விட்டுவிடுவதுதான் அதற்கு மரியாதை.

கதவைக் கழற்ற வேண்டுமா? பழைய வாசல் கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி வைத்து, குழியில் சுழலும். அதைத் தூக்கி எடுக்க நான்கு பேர் வேண்டும், திரும்ப மாட்டும்போது குடுமி உடைந்தால் பெரிய செலவு. நான் கழற்றவில்லை, நின்ற நிலையிலேயே செய்தேன். நாதாங்கி, வளையம், பித்தளைக் குமிழ் ஆகியவற்றில் சுலபமாக வருவதை மட்டும் எடுத்து, எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தேன்.

மேலே இருப்பது என்ன?

எல்லாப் பளபளப்பும் எனாமல் அல்ல. கதவின் பின்பக்கத்தில், கண்ணில் படாத ஒரு மூலையில் சோதனை செய்யுங்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் நிறம் கரைந்து வருகிறதா? டிஸ்டெம்பரோ காவியோ. சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும். அடுத்து ஸ்பிரிட், அதாவது பாலிஷ் வேலைக்கு விற்கும் ஆல்கஹால். பஞ்சை அரை நிமிடம் அழுத்தி வைத்து எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு பழுப்பாக வந்தால் அது அரக்குப் பாலிஷ். நம் ஊரில் பிரெஞ்ச் பாலிஷ் என்பதும் அதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் பிற்காலத்து லேக்கர். டர்பன்டைனுக்குக் கருப்பாகக் கரைந்து வந்தால் எண்ணெயும் மெழுகும் புகையும் சேர்ந்த பிசுக்கு. எதற்கும் மசியவில்லையா? எனாமல் அல்லது வார்னிஷ்.

பழைய வீட்டில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எங்கள் வாசல் கதவில் மேலே மூன்று எனாமல், அதற்கடியில் ஒரு மங்கலான ரோஸ் நிறம், அதற்கும் கீழே அரக்குப் பாலிஷ். அடியில் பாலிஷ் இருந்தால் அதிர்ஷ்டம்தான். பெயிண்ட் மரத்தின் துளைக்குள் இறங்காமல் அந்தப் பாலிஷோடு சேர்ந்து தகடு தகடாக உரிந்து வரும்.

ஸ்பிரிட் வாங்கும்போது ஒன்று: தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு, எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளலாம். வேலை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். எது வாங்கினாலும் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அது விஷம், வீட்டில் யாராவது தெரியாமல் எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

அந்த ரோஸ் நிறம்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பழைய மரப் பிரைமர் வெள்ளை ஈயமும் செந்தூரமும் கலந்து செய்தது. செந்தூரம் என்பது சிவப்பு ஈயம். அதனால்தான் அந்த ரோஸ் நிறம். மேலே அடித்த எனாமலிலும் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வந்தது, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறை. அதற்கு முன் அடித்த எந்தப் பெயிண்டையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஈயத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. எங்கள் வீட்டில் வேலை நடந்த நாட்களில் தங்கை பிள்ளைகளை ஊருக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயிண்டை ஒருபோதும் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். தேய்க்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். தரையில் தடிமனான பாலித்தீன் விரித்து, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்-95 முகமூடி வேண்டும். மாலையில் துடைப்பம் எடுக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலைச் சட்டையோடு சமையலறைக்குள் போகாதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள்.

முக்கியமாக, எல்லாவற்றையும் முற்றத்தில் தள்ளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. முற்றத்துத் தண்ணீர் கொல்லைக்கோ தெருச் சாக்கடைக்கோ போகும், அங்கிருந்து வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகும். பெயிண்ட் செதில்களைச் சாக்கில் கட்டி, ஆடு மாடு, கோழி எட்டாத இடத்தில் வைத்து, நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு ஒப்படையுங்கள். பெயிண்ட் ஒட்டிய மரத்துண்டை வெந்நீர் அடுப்பில் வைக்கவே கூடாது. ஈயம் புகையாகி மூச்சில் ஏறும்.

சமதளத்துக்கு ஹீட் கன்

கதவுப் பலகை, நிலைக்கால், தூணின் நடுப்பகுதி மாதிரி சமமான இடங்களில் எனாமலை இறக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்தான் சிறந்தது. புளோ லேம்ப் வேண்டாம். நெருப்பு நேரடியாகப் படும், மரம் கருகும், ஈயமும் ஆவியாகும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள ஹீட் கன் வாங்கி, 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். 350, 400 டிகிரியிலேயே எனாமல் இளகும்.

அதற்கு முன் வீட்டு வயரிங்கைப் பாருங்கள். 2000 வாட் ஹீட் கன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ரேழியில் இருக்கும் பழைய சின்ன பிளக்கில் சொருகினால் வயர் சூடாகிக் கருகும். மாவு கிரைண்டருக்குப் போட்ட பெரிய 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து கனமான எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளுங்கள். சுருளாக இருக்கும் எக்ஸ்டென்ஷனை முழுக்கப் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வேலை இப்படி நடக்கும். இடது கையில் ஹீட் கன், வலது கையில் அகலமான புட்டி பிளேடு. பிளேடின் மூலைகளை முன்கூட்டியே அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் கீறல் விழும். முனையை மரத்திலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடித்து, ஒரு கையகல இடத்தில் மெதுவாக அசையுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து எழும்பும். அந்த நொடியில் பிளேடைப் படுக்கவைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். தள்ளிப் பிடியுங்கள். அழுத்தித்தான் சுரண்ட வேண்டியிருக்கிறது என்றால் சூடு போதவில்லை. இரண்டு மணி நேரத்தில் கைக்கு இந்தக் கணக்கு பிடிபட்டுவிடும். ஒரே சூட்டில் மூன்று கோட்டும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேல் இரண்டு வந்தால், ஆறவிட்டு மறுபடி காட்டுங்கள்.

மூன்று இடங்களில் ஹீட் கன் காட்டாதீர்கள். கண்ணாடி அருகில் காட்டினால் விரிசல் விடும். உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் குருவிக் கூடும் பல வருடத் தூசியும் கிடக்கும், உள்ளுக்குள் கனன்று ராத்திரியில் பற்றும். அரக்குப் பாலிஷ் மட்டும் உள்ள இடத்திலும் வேண்டாம், அது உருகிப் பிசினாகிவிடும். வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது வீட்டை விட்டுப் போகாமல் இருந்து, தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

செதுக்கு வேலைக்கு ரிமூவர்

கஜலட்சுமி, தாமரை, போதிகையின் (தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை) வாழைப்பூ முனை ஆகியவற்றில் பிளேடு போகாது, சூடு காட்டினால் மெல்லிய விளிம்புகள் கருகும். இங்கே பெயிண்டை இளக்கும் கெமிக்கலான பெயிண்ட் ரிமூவர்தான் வழி.

வாங்கும்போது டப்பாவில் மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று இருக்கிறதா பாருங்கள். வேகமாக வேலை செய்வது அதுதான், உயிருக்கு ஆபத்தானதும் அதுதான். காற்றில்லாத அறையில் அதை வைத்து வேலை செய்தவர்கள் மயங்கி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதன் விற்பனையை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 40 டிகிரியிலேயே அது கொதித்துவிடும். சித்திரை மதியத்தில் நம் கூடத்தில் அடிக்கும் வெயிலுக்கு, பூசிய நிமிடமே ஆவியாகிப் போகும். வேலையும் நடக்காது, அந்த ஆவி முழுக்க நம் மூச்சுக்குள் போகும். என்-95 அதைத் தடுக்காது. மெல்லிய மருத்துவக் கையுறையையும் அது சீக்கிரம் ஊடுருவும். அது இல்லாத, மெதுவாக வேலை செய்யும் ரிமூவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும். எதுவானாலும் திண்ணை, முற்றம் மாதிரித் திறந்த இடத்தில், காலை பத்து மணிக்குள் செய்யுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பூசுவதில் புதியவர்கள் செய்யும் தவறு, பெயிண்ட் அடிப்பது மாதிரி மெல்லியதாக இழுப்பது. தோசைமாவு கெட்டிக்கு, அப்பிவிடுங்கள். ஒரே திசையில் ஒரு இழுப்பு, திரும்பத் தேய்க்காதீர்கள். மேலே பாலித்தீன் தாளை ஒட்டிவிட்டால் காயாது. டப்பாவில் சொன்ன நேரம் வரை பொறுமையாக இருங்கள். பிறகு மூங்கில் குச்சியைப் பல வடிவத்தில் சீவி வைத்துக்கொண்டு நோண்டி எடுங்கள். இரும்பு ஆணி, உளி வேண்டாம். பழைய பல் பிரஷ், தேங்காய் நார், மெல்லிய பித்தளை பிரஷ் போதும். ஸ்டீல் உல் வேண்டாம். அதன் துணுக்குகள் மரத்துக்குள் தங்கித் துரு ஏறிக் கரும்புள்ளியாகும்.

எங்கள் கஜலட்சுமிக்கு மூன்று முறை பூசினேன். முதல் முறையில் யானைக் காது தெரிந்தது. இரண்டாம் முறையில் கலசம். மூன்றாம் முறை துதிக்கையின் மடிப்புக்குள் குச்சியை விட்டபோது, அங்கே ஆசாரி நகத்தளவு கோடுகள் போட்டிருந்தது வெளியே வந்தது. எங்கள் அப்பாவே அதைப் பார்த்ததில்லை. மூலையில் கொஞ்சம் பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தோண்டினால் கோடும் போகும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் அப்படி விடத் தயங்காதீர்கள்.

கடைசியில் டர்பன்டைனில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். ரிமூவரின் மெழுகு மிச்சம் இருந்தால் மேலே போடும் எதுவும் காயாது.

காஸ்டிக் சோடா பற்றி

யாரிடம் கேட்டாலும் காஸ்டிக் சோடாவையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பச் சொல்வார்கள். மலிவு, பெயிண்டும் கட்டாயம் போகும். ஆனால் தேக்கும் பலாவும் அதில் கறுத்துவிடும், ரேகை மேலெழும்பிச் சொரசொரப்பாகும், பழைய மூட்டுகளின் பசை விட்டுப்போகும். இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது சரி, மரத்துக்கு வேண்டாம். ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால், நிறையத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, நிழலில் இரண்டு வாரமாவது காயவிடுங்கள்.

வாசல் நிலையின் பிசுக்கு

மஞ்சளும் குங்குமமும் விளக்கெண்ணெயும் மாடத்து விளக்கின் புகையும் சேர்ந்த கறுப்புப் பிசுக்குக்குக் கெமிக்கல் எதுவும் தேவையில்லை. பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டிய நுரைத் தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்து, துணியைப் பிழிந்து தேயுங்கள். மரத்தை ஊறவிடாதீர்கள், உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். மிச்சத்துக்கு டர்பன்டைன். கூரை மரங்களில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது முந்திரிக்கொட்டை எண்ணெயாக இருந்தால் தொடாதீர்கள். அது கரையானுக்காகப் பூசியது, கையில் பட்டால் கொப்புளிக்கும்.

அரக்குப் பாலிஷை எடுக்க ஸ்பிரிட் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்து, பிறகு ரேகை வழியே துடைத்தால் போதும். எங்கள் ஆசாரி உடைந்த கண்ணாடிச் சில்லைத் துணியில் பிடித்து, சமப்பலகையில் மிச்சத்தைச் சீவுவார். “உப்புத்தாள் மரத்தைத் தின்னும் தம்பி, கண்ணாடி மேல தோலைத்தான் எடுக்கும்” என்பார். பழகிய கைக்கு அது அருமையான கருவி. புதியவர்கள் தட்டையான ஸ்டீல் ஸ்கிரேப்பரிலேயே தொடங்குங்கள்.

தேய்ப்பும் மேல்பூச்சும்

உரித்து முடித்ததும் உப்புத்தாள். பெயிண்ட் துணுக்கு இல்லை என்று உறுதியான இடத்தில் மட்டும், கையால், ரேகை ஓடும் பக்கமாக. 120-இல் தொடங்கி 180-இல் நிறுத்திவிடுங்கள். 60, 80 நம்பர் முரட்டுத் தாள் வேண்டவே வேண்டாம். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். அதுவும் விஷம்தான், கையுறை போட்டுப் பூசி, பிறகு நன்றாகக் கழுவுங்கள்.

வெயிலும் சாரலும் படும் வாசல் பக்கத்துக்கு, பாயில்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து துணியால் ஏற்றுங்கள். இருபது நிமிடம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் பிசுக்காகித் தூசி ஒட்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த கோட். மூன்று கோட் போதும். கூடத்துக்குள் இருப்பவற்றுக்கு அரக்குப் பாலிஷ். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் செதில், ஒரு ராத்திரி ஊறவேண்டும். வடிகட்டி, பஞ்சை வெள்ளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, மெல்லியதாகப் பல முறை ஏற்றுங்கள். வானம் மூடிக்கொண்டிருக்கும் நாளில் பாலிஷ் போடாதீர்கள். பிற்காலத்தில் யார் எடுக்க நினைத்தாலும் ஸ்பிரிட்டிலேயே வந்துவிடும் என்பதால்தான் எனக்கு அரக்கின்மேல் இத்தனை பிரியம்.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொல்லையில் ஒவ்வொன்றாக விரித்து, முறுகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய டின்னில் வையுங்கள். பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து, எண்ணெய் காய்ந்து ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள். போட்டோவைப் பார்த்து, அவரவர் இடத்தில்.